நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டங்’ சத்தம்: சரியான கதை

என்னுடையது 2005 மாடல் சின்னக் கார். நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் முன்பக்கம் இடதுபுறம் ‘டங்’ என்று சத்தம், கூடவே ஸ்டீயரிங்கில் ஒரு உதறல். முதலில் காட்டிய இடத்தில் ஸ்டீயரிங் ரேக்கையே (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்) மாற்றச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் ரேக்கிலோ, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையிலோ ஆட்டம் இருந்தால் குண்டும் குழியுமான ரோட்டில்தான் அதிகம் தட்டும், எனக்கு அங்கே சத்தமே இல்லை. வளைவில் ஓடும்போது டக் டக்கென்று வந்தால் சக்கரத்தைச் சுழற்றும் அச்சில் உள்ள சிவி ஜாயின்ட், அதுவும் இல்லை.

தம்பியைத் திருப்பச் சொல்லிவிட்டு, காயில் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் கையை லேசாக வைத்துப் பார்த்தேன் (சுருளுக்கு நடுவே விரலை விடாதீர்கள், நசுங்கிவிடும்). சீராகச் சுழல வேண்டிய ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நின்று சட்டென்று துள்ளியது. சரி, ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பேரிங்தான் இறுகிவிட்டது.

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றவே கூடாது, ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் அந்த வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பழைய பேரிங்கில் கிரீஸ் காய்ந்து வெறும் துரு. இரண்டு பக்கமும் பேரிங், ரப்பர் மவுண்ட் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. சத்தம் போய்விட்டது, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் முன்பு போலத் தானாக நேருக்கு வருகிறது.