ரோமானியத் தலைக்கவசத்துக்கு வயது சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

எங்கள் வீட்டில் பழைய பித்தளைக் குடம் ஒன்று இருக்கிறது. கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். அது குடத்தைச் செய்த தேதி இல்லை, கடைசியாக அதில் தண்ணீர் பிடித்த தேதியும் இல்லை. ரோமானியத் தலைக்கவசங்களுக்கு வயது சொல்லப் புறப்படுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

லண்டனில் கிடைத்த முதல் நூற்றாண்டு வெண்கலத் தலைக்கவசம் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் பின்கழுத்துத் தகட்டில் நம் பாத்திரக் கடை பாணியிலேயே நான்கு வீரர்களின் பெயர்களைக் குத்தியிருக்கிறார்கள். ஒருவர் விட்டதை அடுத்தவர் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார். மண்ணுக்குள் போகும்போது அதற்கு எத்தனை வயதோ!

பிற்காலத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் டூர்ன என்ற ஊருக்குப் பக்கத்துச் சதுப்பில், 1910இல் எரிப்பதற்காகக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தவருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளித் தலைக்கவசம் ஒன்று அகப்பட்டது. கூடவே நாணயங்களும் கிடைத்தன. அவற்றில் கடைசியானவை கி.பி. 319ஐ ஒட்டி அடித்தவை. உடனே ‘319இல் செய்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். நாணயம் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பொருள்கள் சதுப்புக்குள் போனது அதற்கு முன்பு இல்லை. தலைக்கவசம் அதற்குப் பல வருடம் முந்தியதாகவும் இருக்கலாம். எந்தக் குதிரைப்படைப் பிரிவு, வேலை செய்தவர் யார், எடை எவ்வளவு என்றெல்லாம் அதிலேயே பொறித்திருக்கிறது. ஆண்டு மட்டும் இல்லை.

அதை வைத்தே இன்னொரு தவறும் நடக்கிறது. இவ்வளவு மெல்லிய வெள்ளித் தகடு அடி தாங்குமா, சும்மா அணிவகுப்புக்காகத்தான் இருக்கும் என்கிறார்கள். உள்ளே தலையை மூடியிருந்த இரும்புக் கிண்ணம் அரித்துப் போய்விட்டது. நாம் பார்ப்பது மேலுறையை மட்டும்தான்.

ஹங்கேரியின் இன்டர்சிசாவில் 1909இல் கிடைத்தவை வெறும் இரும்பு. இரண்டு பாதிகளை நடுவில் ஒரு முகட்டுப் பட்டை வைத்து ஆணியறைந்து சேர்த்தவை. செர்பியாவின் பெர்க்காசோவோவில் 1955இல் கிடைத்த ஒன்றிலோ வண்ணக் கண்ணாடிக் கற்கள் பதித்திருக்கிறது. எளியது முந்தியது, ஆடம்பரமானது பிந்தியது என்று வரிசை கட்டாதீர்கள். இரண்டும் ஒரே நூற்றாண்டில் புழங்கியவை. வேறுபாடு பெரும்பாலும் பதவியிலும் பணத்திலும்தான். எளியது என்றால் பேரரசு நொடித்த காலத்து மட்டச் சரக்கு என்பதும் சரியில்லை. 374ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசுப் பட்டறைகளில் ஒரு கைவினைஞர் 30 நாளில் எத்தனை தலைக்கவசம் முடிக்க வேண்டும் என்று கணக்குப் பேசுகிறது. ஆட்சி நொடித்துப்போயிருந்தால் இப்படியா கணக்குக் கேட்பார்கள்?

படங்களை நம்புவது அடுத்த பள்ளம். ரோமில் பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவு 315இல் திறக்கப்பட்டது. ஆனால் அதில் உள்ள சிற்பங்களில் பல டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் என்ற இரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர்கள் காலத்து நினைவுச்சின்னங்களிலிருந்து பெயர்த்து வைத்தவை. அங்கே தெரியும் தலைக்கவசத்தைக் காட்டி ‘நான்காம் நூற்றாண்டு வீரன்’ என்று சொன்னால் இருநூறு வருடம் வரை தவறிப்போகும்.

அப்புறம், பொருளின் ஆயுள் வேறு, வடிவத்தின் ஆயுள் வேறு. முகட்டு வடிவம் ரோமில் பிறந்ததும் இல்லை. சிரியாவில் ரோமானியர் வசமிருந்த டூரா யூரோப்போஸ் நகரைப் பாரசீகர்கள் 256 வாக்கில் முற்றுகையிட்டபோது தோண்டிய சுரங்கத்தில், இதே மாதிரி இரண்டு துண்டாகச் செய்த பாரசீகத் தலைக்கவசம் கிடைத்திருக்கிறது. மறுமுனையில் இங்கிலாந்தின் சட்டன் ஹூ, ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இறந்தவரைக் கப்பலோடு புதைத்த இடம். அங்கே கிடைத்த தலைக்கவசத்திலும் முகட்டுப் பட்டை, கன்னக்காப்பு எல்லாம் உண்டு. ரோமானியச் சாயல்தான். ஆனால் அதன் கிண்ணத்தை ஒரே துண்டாக அடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். பிற்கால ரோமானிய முகட்டுத் தலைக்கவசமாக இருந்தால் பட்டைக்கு அடியில் ஒட்டு இருந்திருக்கும்.