வருமான வரிப் படிவத்தில் விவசாய வருமானம்: தவறான பதிவுகளைத் திருத்தும் முறை

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே சொந்த ஊரில் நிலமும் வைத்திருப்பவர்கள் வருமான வரிப் படிவத்தை நிரப்பும்போது அதிகமாகத் தடுமாறும் இடம் விவசாய வருமானப் பதிவுதான். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்துக்கு விலக்கு அளிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதைப் படிவத்தில் காட்டவே வேண்டாம் என்றோ, எந்தக் கட்டத்தில் எழுதினாலும் ஒன்றுதான் என்றோ அதற்குப் பொருள் இல்லை. துறையின் மென்பொருள் சில தவறுகளைச் சிவப்பு எழுத்தில் காட்டி நிறுத்திவிடுகிறது. வேறு சில தவறுகளை எச்சரிக்கையே இல்லாமல் ஏற்றுக்கொண்டு, வரியைக் குறைத்தோ கூட்டியோ கணக்கிட்டுவிடுகிறது. அதிகம் கவனிக்க வேண்டியவை இந்த இரண்டாம் வகைத் தவறுகளே. கீழே உள்ள விளக்கம் 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குத் தாக்கல் செய்யும் படிவங்களை வைத்து எழுதப்பட்டது.

படி 1: எது விவசாய வருமானம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் வங்கிக் கணக்கில் வந்த தொகைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். நெல், கரும்பு, வாழை விற்ற பணமும், நாற்றங்காலில் வளர்த்து விற்ற கன்றுகளின் பணமும், பயிர் செய்வதற்காக நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற தொகையும் விவசாய வருமானமாகும். கறவை மாட்டுப் பால், கோழிப் பண்ணை ஆகியவற்றின் வருமானம் அதில் சேராது. அது வரிக்கு உட்பட்ட தொழில் வருமானம். நீலகிரியில் பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்கு விற்பவருக்கு அது முழுவதும் விவசாய வருமானம்தான். விளைந்த இலையைத் தாமே தேயிலைத் தூளாக்கி விற்பவருக்கு மட்டும் வருமான வரி விதிகளின் 8ஆம் விதியின்படி 60 விழுக்காடு விவசாய வருமானமாகவும், 40 விழுக்காடு தொழில் வருமானமாகவும் பிரியும். நிலம் பலர் பெயரில் கூட்டாக இருந்தால் உங்கள் பங்கை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: படிவம் சரியானதா என்று பாருங்கள்

ஐடிஆர்-1, ஐடிஆர்-4 ஆகிய எளிய படிவங்கள் 5,000 ரூபாய் வரையிலான விவசாய வருமானத்தை மட்டுமே ஏற்கும். அதற்கு மேல் எழுதினால் பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தியை நீக்குவதற்காகத் தொகையை 5,000 என்று குறைத்து எழுதுவது மிகத் தவறான தீர்வு. அது வருமானத்தை மறைப்பதாகும். தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஐடிஆர்-2 படிவத்துக்கும், இருப்பவர்கள் ஐடிஆர்-3 படிவத்துக்கும் மாற வேண்டும். பாதியில் சேமித்த ஐடிஆர்-1 இருந்தால் அதைத் தொடராமல், 'ஸ்டார்ட் நியூ ஃபைலிங்' என்பதை அழுத்திப் புதிதாகத் தொடங்குங்கள்.

படி 3: ஷெட்யூல் இஐ பகுதியைச் சரியாக நிரப்புங்கள்

விலக்குப் பெற்ற வருமானத்துக்கான பகுதி ஷெட்யூல் இஐ. இணையவழிப் படிவத்தில் தேவையான அட்டவணைகளைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் இதைக் குறித்திருந்தால்தான் இது திரையில் வரும். காணவில்லையென்றால் முதலில் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிச் சென்று பாருங்கள்.

இப்பகுதியில் விவசாயத்துக்கென்று தனி வரிசைகள் உள்ளன. முதலில் மொத்த வரவு, அடுத்து விவசாயச் செலவு, அதன்பின் முந்தைய எட்டு மதிப்பீட்டு ஆண்டுகளில் ஈடுசெய்யப்படாமல் நிற்கும் விவசாய நட்டம், பிறகு தேயிலை, காபி, ரப்பர் போன்றவற்றுக்கான விதிகளின்படி வரும் விவசாயப் பங்கு. இவற்றிலிருந்து நிகர வருமானத்தை மென்பொருளே கணக்கிடும். பலர் செலவு போக மிஞ்சியதை மொத்த வரவுக் கட்டத்தில் எழுதி, செலவுக் கட்டத்தில் சுழியம் இடுகிறார்கள். நிகரத் தொகை சரியாகவே வந்தாலும், நேரடிக் கொள்முதல் நிலையத்திலிருந்து வங்கிக்கு வந்த பணத்தோடு படிவத்தின் மொத்த வரவு பொருந்தாமல் போகும். இதற்கு நேர்மாறாக, மொத்த வரவை மட்டும் எழுதி உழவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை ஆகியவற்றை விட்டுவிட்டால், கட்ட வேண்டியதைவிட அதிக வரி விழும்.

மென்பொருள் சுட்டிக்காட்டாத பெரிய தவறு ஒன்று உண்டு. விவசாய வருமானத்தை அதற்குரிய வரிசையில் எழுதாமல், அதே பகுதியில் கீழே உள்ள 'பிற விலக்கு வருமானம்' என்ற வரிசையில் எழுதுவதுதான் அது. அங்கே எழுதிய தொகை வரி விகிதக் கணக்குக்குச் செல்வதில்லை. வரி குறைவாகக் காட்டப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது.

படி 4: நில விவரம்

நிகர விவசாய வருமானம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், நிலத்தின் பரப்பு, சொந்த நிலமா குத்தகை நிலமா, பாசன நிலமா மானாவாரியா என்ற விவரங்கள் கட்டாயம். பரப்பை ஏக்கரில் கேட்பார்கள். நமது சிட்டாவில் அது ஹெக்டேர்-ஏர் அளவில் இருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்பதால், சிட்டாவில் 0.81 என்று இருந்தால் அது 2 ஏக்கர். எண்ணை அப்படியே பெயர்த்து எழுதினால் இரண்டு ஏக்கர் நிலம் ஒரு ஏக்கருக்கும் குறைவாகிவிடும். அவ்வளவு சிறிய நிலத்தில் அவ்வளவு வருமானமா என்ற கேள்வி எழ நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

படி 5: வரியைக் கையால் போட்டுச் சரிபாருங்கள்

நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயையும், மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பையும் தாண்டினால், விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லாவிட்டாலும் மற்ற வருமானத்துக்குரிய வரி விகிதத்தை அது உயர்த்தும்.

2024-25 நிதியாண்டுக்கான புதிய வரிமுறையில், நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போகச் சம்பளம் 9 லட்சம், நிகர விவசாய வருமானம் 2 லட்சம் என்று கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 11 லட்சம். அதற்கு வரி 65,000 ரூபாய். அடுத்து, அடிப்படை விலக்கான 3 லட்சத்தோடு விவசாய வருமானம் 2 லட்சத்தைக் கூட்டினால் 5 லட்சம். அதற்கு வரி 10,000 ரூபாய். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 55,000. 4 விழுக்காடு மேல்வரியோடு 57,200 ரூபாய். விவசாய வருமானத்தைக் காட்டாமல் விட்டாலோ, தவறான வரிசையில் எழுதினாலோ 41,600 ரூபாய்தான் வரும். உங்கள் திரையிலும் இப்படிக் குறைந்த தொகை தெரிந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். வரிக் கணக்கீட்டுப் பக்கத்தில் 'விவசாய வருமானத்துக்கான கழிவு' என்ற வரிசையில் இந்த 10,000 வந்திருக்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள் 3 லட்சத்துக்குப் பதிலாக 2.5 லட்சத்தையும் (60 வயதானவர்களுக்கு 3 லட்சம், 80 வயதானவர்களுக்கு 5 லட்சம்), அம்முறைக்குரிய விகிதங்களையும் கொண்டு இதே கணக்கைப் போட வேண்டும்.

ஓர் அட்டவணையில் திருத்தம் செய்தபின் மொத்த வருமானப் பக்கத்தையும் வரிக் கணக்கீட்டுப் பக்கத்தையும் மறுபடி திறந்து 'கன்ஃபர்ம்' அழுத்துங்கள். பழைய எண்கள் நின்றுவிடாமல் இருக்க இது அவசியம்.

படி 6: ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டிருந்தால்

2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு 139(5) பிரிவின்கீழ்த் திருத்திய படிவம் தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தது. முதல் படிவத்தின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் தாக்கல் தேதியையும் தர வேண்டும். திருத்தத்தில் விடுபட்ட கட்டத்தை மட்டும் அனுப்ப முடியாது. படிவம் முழுவதையும் மீண்டும் நிரப்ப வேண்டும். அந்த நாளுக்குப் பின் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த படிவம் உண்டு. அதில் கூடுதல் வரியும் சேரும். வரியைக் குறைக்கவோ, திரும்பப் பெறும் தொகையைக் கூட்டவோ அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே செலவை விட்டுவிட்டு அதிக வரி கட்டியவர்களுக்கு அந்தக் கடைசி நாளுக்குள் திருத்துவதே நேர்வழியாக இருந்தது. திருத்திய படிவத்தையும் 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். சிட்டா நகல், விற்பனைச் சீட்டுகள், செலவு ரசீதுகள் ஆகியவற்றைப் படிவத்தோடு இணைக்க வேண்டியதில்லை. துறை கேட்டால் காட்டும் வகையில் அவற்றை ஆண்டுவாரியாகப் பிரித்து ஒரே இடத்தில் வைத்திருங்கள்.