தாத்தாவின் டாங்கிப் படத்துக்கு ஆண்டு குறிப்பது

பாம்பனில் உப்புக் காற்று எந்த ஆல்பத்தையும் விட்டுவைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்ட தாத்தா கொண்டுவந்த படமொன்றின் பின்புறம் ‘டைகர், 1941’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. பல வருடம் நம்பினேன். டைகர் என்ற ஜெர்மன் டாங்கி களமிறங்கியதே 1942இல்தான்!

ஆகவே பின்புற எழுத்தை விடுங்கள், சக்கரங்களை எண்ணுங்கள். நாட்டுப்படகையும் விசைப்படகையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்கிறோமே, அப்படித்தான். ஜெர்மன் டாங்கிகளில், பொதுவாகப் பக்கத்துக்கு ஆறு என்றால் பான்சர் 3. இரண்டிரண்டாகச் சிறியவை எட்டு என்றால் பான்சர் 4. ஒன்றுக்குள் ஒன்று செருகிய பெரிய சக்கரங்கள் டைகரிலும் பாந்தரிலும் உண்டு. பாந்தர் போர்க்களம் கண்டது 1943 ஜூலையில்.

பிறகு பீரங்கி. பான்சர் 4இன் குட்டைக் குழாய் 1942 மார்ச் வாக்கில் நீண்டது. உடலெங்கும் வரிவரியாகச் சிம்மெரிட் பூச்சு (காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசியது) தெரிந்தால், படம் 1943 நடுப்பகுதிக்கு முந்தையதல்ல. 1944 செப்டம்பரில் பூசுவதை நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே பூசிய டாங்கிகள் தொடர்ந்து ஓடின. படம் எப்போதைக்குப் பிந்தையது என்று மட்டுமே பூச்சு சொல்லும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தாத்தாவின் டாங்கிக்கு ஆறு சக்கரம். 1941 சரியாகவே இருக்கலாம், டைகர்தான் பொய். அவர் எழுத்தை அழிக்க மனம் வரவில்லை, திருத்தத்தைத் தனித் தாளில் எழுதிப் படத்தோடு வைத்திருக்கிறேன்.