பெருங்குடல் புற்றுநோய்: அறுவைக்கு முன் சி.டி.யில் பரவலைக் கணிக்கும் முறை

சி.டி. படத்தைத் திறந்ததும் கல்லீரலைப் பார்த்துவிட்டு நேராக நெறிக்கட்டிகளை (நிணநீர்க் கணுக்களை) அளக்கப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் நோயின் பரவலைப் பற்றி அதிகம் சொல்வது கட்டியின் வெளிவிளிம்புதான். குடற்சுவரின் தசையைத் தாண்டி அது எத்தனை மில்லிமீட்டர் கொழுப்புக்குள் போயிருக்கிறது, பக்கத்துச் சிரைக்குள் நுழைந்திருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள்.

அவை தெரியும்படி ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். மார்பு முதல் இடுப்பு வரை எடுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால், சிரை வழியே ஏற்றும் கான்ட்ராஸ்ட் (படத்தில் திசுக்களை எடுத்துக்காட்டும் அயோடின் மருந்து) கொடுக்குமுன் சிறுநீரக மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்களுக்கு எடையைப் பொறுத்து சுமார் 100 மி.லி., விநாடிக்கு 3 மி.லி. வேகத்தில் போதும், ஏறத்தாழ 70-வது விநாடியில் படம் எடுத்தால் சிரைகளும் கல்லீரலும் நன்றாக நிறைந்திருக்கும். குடிப்பதற்குத் தண்ணீரே கொடுங்கள். வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்டைக் குடிக்கக் கொடுத்தால் சுவரின் ஒளிர்வு அதில் மறைந்துபோகும். குடல் அசைவால் விளிம்பு மங்கினால் குடலைத் தளர்த்தும் ஹயோசின் பியூட்டில்புரோமைடு 20 மி.கி. உதவும், அதற்கு முன் கண் அழுத்த நோய், இதய நோய் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்லைஸ், அதாவது படத்தின் ஒவ்வொரு வெட்டும், 1 மி.மீ. தடிமனில் இருக்கட்டும். 5 மி.மீ. ஸ்லைஸில் சிறு சிரைகள் கொழுப்போடு கலந்துவிடும். அதைவிட அடிக்கடி நேரும் பிழை, குறுக்குவெட்டுப் படத்திலேயே ஆழத்தை அளப்பது. சிக்மாய்டு (மலக்குடலுக்கு முந்தைய பகுதி) போல வளைந்து ஓடும் குடலைச் சாய்வாக வெட்டினால் ஆழம் கூடுதலாகத் தெரியும். அதனால் கட்டி இருக்கும் இடத்தில் குடலின் அச்சுக்குச் செங்குத்தாகப் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இருபுறமும் உள்ள நல்ல சுவரின் வெளிக்கோட்டைக் கட்டியின் மேல் மனத்தால் நீட்டி, அதற்கு வெளியே உள்ள திண்மத்தை அளங்கள். மயிரிழை போன்ற கோடுகள் மட்டும் நீண்டிருந்தால் அவை அழற்சியாகவோ தழும்பாகவோ இருக்கலாம். அவற்றை ஆழத்தில் சேர்க்க வேண்டாம். 5 மி.மீ.க்கு மேல் திண்மம் இருந்தால் ஆபத்து அதிகம். ஏறுகுடலில் பின்புறச் சுவருக்குப் பெரிட்டோனியம் (வயிற்றறையின் உள்ளுறை) இல்லை. அங்கே அறுவையில் வெட்டப்படும் விளிம்பு கட்டிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள்.

அடுத்து, கட்டியிலிருந்து வெளியேறும் சிரையைப் பிடித்து, குடலின் இரத்தத்தைக் கல்லீரலை நோக்கிக் கொண்டுபோகும் மெசென்டெரிக் சிரையில் சேரும் வரை ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தொடருங்கள். சிரை திடீரென்று முடிச்சுபோலப் பருத்து, உள்ளே கான்ட்ராஸ்டுக்குப் பதில் கட்டியின் அதே சாயல் தெரிந்தால் சிரை ஊடுருவல் என்று எழுதுங்கள். கல்லீரலுக்கு நோய் போகும் வழி இதுவே என்பதால் இந்த ஒரு படிக்குத் தாராளமாக நேரம் கொடுக்கலாம்.

நெறிக்கட்டியின் அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். 5 மி.மீ.க்குக் குறைவானதிலும் புற்று இருக்கும்; பெரியது வெறும் எதிர்வினையாக இருக்கும். ஒழுங்கற்ற விளிம்பு, சீரற்ற உட்பகுதி, கொத்தாகச் சேர்ந்திருத்தல் ஆகியவை அளவைவிடப் பயனுள்ளவை. டூயல் எனர்ஜி கருவி (இரண்டு எக்ஸ்ரே ஆற்றல்களில் படம் எடுப்பது) இருந்தால், அயோடினை மட்டும் பிரித்துக் காட்டும் படத்தில் கட்டியும் நெறிக்கட்டியும் எவ்வளவு கான்ட்ராஸ்டை ஏற்கின்றன என்று அளக்கலாம். அதை அயோர்ட்டாவில் (பெருந்தமனியில்) உள்ள அளவால் வகுத்தே ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொருவரின் இதய வேகமும் எண்ணை மாற்றிவிடும். வேறு கருவியில் கண்ட எல்லை எண்ணை உங்கள் கருவிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கல்லீரலை, சிறு சாயல் வேறுபாடும் தெரியும்படி விண்டோவை (படத்தின் சாம்பல் வீச்சை) சுருக்கிப் பாருங்கள். சிறு புள்ளி சந்தேகமாக இருந்தால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். பெரிட்டோனியத்தில் 5 மி.மீ.க்குக் குறைவான படிவுகள் சி.டி.யில் எளிதில் தப்பும். ஓமென்டம் (குடலின் மேல் தொங்கும் கொழுப்புத் திரை), வலது உதரவிதானத்தின் அடிப்பகுதி, இடுப்புக் குழி, பெண்களுக்குச் சூலகம் ஆகிய இடங்களைத் தனித்தனியாகப் பார்க்கவும். மலக்குடல் கட்டிக்கு இந்த முறை போதாது. அதன் ஆழத்தை எம்.ஆர்.ஐ.யில்தான் அளக்க வேண்டும்.

அறிக்கையில் ஆழத்தை மில்லிமீட்டரிலும், சிரை ஊடுருவலை ‘உண்டு, இல்லை, ஐயம்’ என்றும் எழுதுங்கள். 2023-ல் வெளியான ஃபாக்ஸ்ட்ராட் ஆய்வில் அறுவைக்கு முன் 6 வாரம் கீமோதெரபி பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் எஞ்சுவதும் திரும்புவதும் குறைந்தது. அதற்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த எண்களைப் பொறுத்தது. பயாப்சியில் மிஸ்மேட்ச் ரிப்பேர் (செல்லின் டி.என்.ஏ. பிழை திருத்தும் திறன்) சோதனையையும் முன்பே கேட்டு வாங்குங்கள்: அந்தக் குறைபாடுள்ள கட்டிகள் இந்தக் கீமோவுக்கு அவ்வளவாக மசிவதில்லை, அவற்றின் நெறிக்கட்டிகள் புற்று இல்லாமலேயே பெரிதாகத் தெரியும்.