பேஸ்பால் கிளவைப் பழக்குவது எப்படி: ஒரு பாவாடை நாடா போதும்

மகளுக்கு ஆறு வயது. இந்த மார்ச்சில்தான் டீ-பாலில் சேர்த்தோம். நாங்கள் இருப்பது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். டீ-பால் என்பது சின்னப் பிள்ளைகளின் பேஸ்பால், பந்து வீச ஆள் கிடையாது. இடுப்பு உயரக் கம்பின் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் இது 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது. பெயர் பதிவது, பேண்ட் வாங்குவது, எந்த வாரம் யார் நொறுக்குத் தீனி கொண்டுவருவது எல்லாம் மெயிலில் வந்துவிடும். நான் எழுத வந்தது கிளவைப் பற்றி மட்டும், அதாவது பந்து பிடிக்க மாட்டும் கையுறை.

முதல் இரண்டு பயிற்சியிலும் பந்து நேராக அவள் கிளவுக்குள் வந்து விழும், விழுந்த வேகத்தில் வெளியே குதித்துவிடும். கோச் பொறுமையாக "அமுக்கிப் பிடி" என்பார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்குவாள், கிளவ் அசையாது. பிள்ளைக்குப் பந்தைக் கண்டு பயம் என்றே நினைத்தேன். காரில் வரும்போதுதான் சொன்னாள்: "அம்மா, இது மூட மாட்டேங்குது." வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் கையாலேயே மூட முடியவில்லை. அட்டை மாதிரி இருந்தது.

படி 1: எந்தக் கைக்கு?

சிரிக்காதீர்கள், நான் விழுந்த முதல் குழி இதுதான். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் இரண்டு கையிலும் மாட்டுவார். பேஸ்பாலில் ஃபீல்டிங் செய்யும் எல்லாரும் மாட்டுவார்கள், ஆனால் ஒரு கையில் மட்டும், அதுவும் எறியாத கையில். மகள் வலக்கைக்காரி. அதனால் இடக்கையில் மாட்ட வேண்டும். இதுவரை சரியாகத்தான் யோசித்தேன். ஆன்லைனில் பார்த்தால் ஒரே கிளவ் ஆர்.எச்.டி. (RHT), எல்.எச்.டி. (LHT) என்று இரண்டு விதமாக இருந்தது. இடக்கைக்குத்தானே வேண்டும் என்று எல்.எச்.டி.யைத் தட்டிவிட்டேன். வந்தது வலக்கையில் மாட்டுவது.

அந்தக் கடைசி எழுத்து த்ரோவைக் குறிக்கிறது. அதாவது எந்தக் கையால் எறிவார் என்பது, எந்தக் கையில் மாட்டுவார் என்பது அல்ல. வலக்கையால் எறிகிற பிள்ளைக்கு ஆர்.எச்.டி. வாங்குங்கள், அது இடக்கையில் ஏறும். வாங்கும் முன் பிள்ளையிடம் ஒரு காகித உருண்டையைக் கொடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லிப் பாருங்கள். எழுதும் கையும் எறியும் கையும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 2: அளவு

9 அங்குலம், மிஞ்சினால் 9½. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து குழி வழியாக அடி வரை வைத்து அளந்த கணக்கு. "வளர்ற பிள்ளைதானே" என்று பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பெரிய கிளவை ஆறு வயது விரல்களால் மூட முடியாது.

முழுத்தோல் கிளவ் அழகுதான், ஆனால் பழகுவதற்குள் சீசன் முடிந்துவிடும். இந்த வயதுக்கு உள்ளங்கைப் பகுதி மட்டும் மெல்லிய தோலாக இருப்பதே போதும் என்பது என் கட்சி.

படி 3: பழக்குவது

இங்கேதான் இரண்டு வாரம் போனது.

முதலில் நான் செய்த தப்பு. கிளவை நடுவிரல் வழியே இரண்டாக மடித்து, தோசை மடிப்பது போல, மெத்தைக்கடியில் வைத்தேன். காலையில் நன்றாகத்தான் மடங்கியது. ஆனால் குழியே இல்லை, தட்டையாகிவிட்டது. தட்டில் பந்து நிற்குமா?

மடிப்பு நடுவில் வரக்கூடாது. கட்டைவிரல் பக்கம் சுண்டுவிரல் பக்கத்தை நோக்கி வர வேண்டும். கிளவைப் பிடித்துப் பார்த்தால் கட்டைவிரலின் அடியிலும் சுண்டுவிரலின் அடியிலும் விறைப்பான இடம் ஒன்று தட்டுப்படும். அந்த இரண்டு இடத்தையும் முன்னும் பின்னுமாக வளைத்து வளைத்துக் கொடுங்கள், சப்பாத்தி மாவைப் பிசையும் அளவுக்கு அழுத்தம். டிவி பார்த்துக்கொண்டே ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். அந்த இரண்டு கீலும் தளர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் குழி. அது உள்ளங்கைக்கு நேராக இருக்கக்கூடாது, பந்து அங்கே பட்டால் வலிக்கும். ஆள்காட்டி விரலின் அடியில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வலைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தட்டுவதற்கென்றே மரச் சுத்தியல் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. பருப்பு மத்தின் தலையில் பழைய பனியன் துணியைச் சுற்றித் தட்டினேன். ஒரு தடவைக்கு நூறு தட்டு. மகள் எண்ணினாள், 39க்கு அப்புறம் ஒவ்வொரு முறையும் 50க்குத் தாவினாள்.

கடைசியாக, குழியில் ஒரு பந்தை வைத்து, கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்து மூடி, இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டேன், நடுராத்திரியில் பட்டென்று அறுந்து எல்லாரையும் எழுப்பிவிட்டது. ஷூ லேஸ் அழுந்திக் கோடு போட்டது. சரியாக அமைந்தது பாவாடை நாடா. அகலமாக இருப்பதால் தடம் விழாது, முடிச்சும் நழுவாது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த எங்கம்மா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஐந்து ராத்திரி கட்டி வைத்ததில் கிளவ் மூடத் தொடங்கியது.

எண்ணெய் விஷயம். கிளவுக்கென்று விற்கும் எண்ணெயில் ஒரு சொட்டு, தோல் பகுதியில் மட்டும், அவ்வளவுதான். எங்கம்மா எனக்குத் தெரியாமல் தேங்காயெண்ணெய் தடவி "ஊறட்டும்" என்று வைத்துவிட்டார். குளிராக இருந்த சனிக்கிழமை காலை மைதானத்தில் எடுத்துப் பார்த்தால் லேஸ் ஓட்டைகளில் எல்லாம் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. கிளவும் கனத்துவிட்டது.

படி 4: பிடிக்கக் கற்றுக்கொடுப்பது

பந்து இடுப்புக்கு மேல் வந்தால் விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், கீழே வந்தால் தரையைப் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாப் பந்துக்கும் கோயிலில் திருநீறு வாங்குவது போலக் கையை நீட்டுவார்கள். அப்படி நீட்டினால் மேலே வரும் பந்து கிளவில் உருண்டு மூக்கில் இடிக்கும். ஒரு தடவை இடித்தால் போச்சு, அடுத்த ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அதனால் முதலில் சாக்ஸ் உருண்டை. பிறகு டென்னிஸ் பந்து. அதற்கும் பிறகுதான் லெவல் 1 என்று அச்சிட்ட மெத்துப் பந்து. உண்மையான பேஸ்பால் 5 முதல் 5¼ அவுன்ஸ். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர், "எங்க கிரிக்கெட் பந்து 5½க்கு மேல, வெறும் கையில பிடிச்சோம்" என்று ஆரம்பித்தார். அவருடைய வளைந்த சுண்டுவிரலைக் காட்டச் சொன்னேன், பேச்சு நின்றது.

மகளுக்கு உண்மையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது எங்கம்மாதான். வந்த புதிதில் "பொம்பளப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்றவர். மரியா பெப்பே கதையைச் சொன்னேன். 1972இல் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் லிட்டில் லீக் ஆடிய 12 வயதுப் பெண். மூன்று ஆட்டம் பந்து வீசியதும் பெண் என்று நிறுத்திவிட்டார்கள். வழக்கு நடந்து, 1974இல் லிட்டில் லீக் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. எங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாக்ஸ் உருண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். "அம்மிணி, பந்தப் பாரு, என்னையப் பாக்காத. இன்னொரு கையையும் கொண்டா, மூடி போடற மாதிரி." இதை எந்தக் கோச்சும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. கிளவுக்குள் பந்து விழுந்த நொடியே வெறுங்கை மேலே வந்து மூட வேண்டும்.

பின்சேர்க்கை: கிளவைச் சீக்கிரம் இளக்க ஓவனில் வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், மைக்ரோவேவிலும் வேண்டாம். தோல் காய்ந்து வெடிக்கும், லேஸ் அறுந்துபோகும்.

இன்னொரு பின்சேர்க்கை: மழையில் நனைந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளை அடைத்து நிழலில் காயவிடுங்கள். ஹேர் டிரையர் கூடாது. டெக்சாஸ் வெயிலில் கார் டிக்கியில் விட்டுவைப்பதும் ஓவனில் வைப்பதும் ஒன்றுதான். காய்ந்ததும் பந்தை வைத்து மறுபடி கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குழி போய்விடும்.

நாடா எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: இந்தியக் கடையில் நான் தேடியவரை இல்லை. எங்கம்மா போன மாதம் ஊருக்குப் போனார், நாடாவைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அடுத்த தடவை வரும்போது நாலு முழம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.