சோனார் பொருத்தும்போது இரைச்சலைத் தவிர்ப்பது எப்படி?

படகின் அடியில் துளை போடுவதற்கு முன், அது ஓடும்போது ஓரமாகக் குனிந்து தண்ணீரைக் கவனியுங்கள். அணியம் (படகின் முன்முனை) கிழித்த நீர் எங்கே நுரையோடு அடிப்பக்கம் போகிறது, எங்கே தெளிவாக வழுக்கிச் செல்கிறது என்பது தெரியும். சோனாரில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் பகுதியான டிரான்ஸ்டியூசரின் இடம் அந்தத் தெளிந்த நீரில்தான். காற்றுக்குமிழிகள் ஒலியைச் சுவர்போல மறித்துவிடும்; அங்கே எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் குருடுதான்.

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. 750 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப ஒரு முழு நொடி ஆகும். வந்து சேரும்போது மிகவும் மெலிந்திருக்கும். அதை நம் படகின் சத்தமே விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும். எனவே புரொப்பல்லருக்கு நன்றாக முன்னால், நீர் உறிஞ்சும் துளைகளுக்கும் கழிவுநீர்க் குழாய்களுக்கும் பின்னால் வராதபடி இடம் பாருங்கள். மெதுவாக ஓடும் கனத்த படகில் நடுப்பகுதிக்குச் சற்று முன்னே பெரும்பாலும் சரியாக அமையும். அலைமேல் எழும்பி ஓடும் வேகப்படகில் பின்பகுதிதான் எப்போதும் நீரில் இருக்கும்.

அடிப்பக்கம் சரிவாக இருந்தால் அதற்கேற்பச் செதுக்கிய கட்டை வைத்து, முகம் நேர் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள். கட்டையின் முன்விளிம்பு வழவழப்பாக இருக்கட்டும். துருத்தி நிற்கும் ஒரு திருகு போதும், நீர் சுழன்று குமிழி கிளம்பிவிடும். உலோகப் படகில் வெண்கல உறை உடலை நேரடியாகத் தொட்டால் அரிப்பு தொடங்கும், இடையில் காப்பு தேவை.

கேபிளை வெட்டிச் சுருக்காதீர்கள். மோட்டார், இன்வெர்ட்டர், வயர்லெஸ் ஆண்டெனா ஆகியவற்றின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்; கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மின்சாரம் பேட்டரியிலிருந்து தனிக் கம்பியில் வரட்டும்.

அப்படியும் திரையில் புள்ளிகள் தெரிந்தால் பொறுமையாகத் தேடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. சோனாரைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படகை மிதக்க விடுங்கள். ஒலி அனுப்புவதை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்தி, உணர்திறனைக் கூட்டுங்கள். திரை வெறுமையாக இருக்க வேண்டும். பிறகு விளக்கு, சார்ஜர், பம்ப் என ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் புள்ளிகள் தோன்றுகின்றனவோ அதுதான் காரணம். அடுத்து நியூட்ரலில் எஞ்சின் வேகத்தை ஏற்றுங்கள். அதோடு கோடுகளும் நெருங்கி வந்தால் ஆல்டர்னேட்டரையோ அதிர்வையோ சந்தேகியுங்கள்.

ஓடும்போது மட்டும் இரைச்சல் வருகிறதா? நல்ல வேகத்தில் திடீரென்று நியூட்ரலுக்கு மாற்றுங்கள். படகு வழுக்கிக்கொண்டிருக்கும்போதே திரை தெளிந்துவிட்டால் குற்றம் புரொப்பல்லர் பக்கம். இதழ் விளிம்பில் ஒரு சிறு பிசிறுகூட நீரைக் கொதிக்கவைத்துக் குமிழி கிளப்பும். வேகம் தணியத் தணிய இரைச்சலும் மெல்லக் குறைந்தால் அது நீரோட்டச் சத்தம். டிரான்ஸ்டியூசரின் இடத்தையும் முன்விளிம்பையும் மறுபடி பாருங்கள்.

சாய்வான புள்ளிக்கோடுகள் சீராக ஓடினால் அருகில் இன்னொரு சோனார் அதே அலைவரிசையில் இயங்குகிறது. 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 200க்கு மாறிப் பாருங்கள். ஆழம் குறைந்த நீரில் அதுவே போதும்.