கல்லூரி மாணவரின் துணிச்செலவு: கணக்கு எங்கே தவறுகிறது?

கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு குடும்பமாகக் கோவை ஒப்பணக்காரத் தெருவுக்கோ கிராஸ்கட் சாலைக்கோ போய், படிப்பு முடியும்வரை வேண்டிய துணிமணிகளை ஒரே நாளில் எடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவது கொங்கு நாட்டில் பல வீடுகளின் வழக்கம். பிள்ளையின் துணிச்செலவு கைமீறத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நாளில்தான். சேர்க்கைக் காலமும் ஆடித் தள்ளுபடியும் ஏறத்தாழ ஒன்றாக வருவதால், கல்லூரியில் எந்த உடைக்கு அனுமதி என்று விசாரிக்கும் முன்பே பணத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. இப்பகுதியின் தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஜீன்ஸுக்கும் டி-ஷர்ட்டுக்கும் வகுப்பறையில் இடமில்லை. மாணவர்கள் சட்டையை இன் செய்து ஷூ அணிந்து வர வேண்டும். மாணவியர் சுடிதாரின் துப்பட்டாவை இருபுறமும் பின் குத்தி வர வேண்டும். பொறியியல் முதலாண்டில் ஒர்க்‌ஷாப் சீருடையும், அறிவியல் பாடங்களில் லேப் கோட்டும் தனிச் செலவாக வந்து நிற்கும். ஆகவே வகுப்பு தொடங்கும் முன் ஆண்டுத் தொகையில் பாதிக்குமேல் செலவிடக் கூடாது. அதே துறையில் படிக்கும் சீனியர் ஒருவரிடம் கேட்டுவிட்டு மீதியைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிரித்து வைப்பதே நல்லது. தீபாவளிக்கு வீட்டில் எடுத்துத் தரும் துணியையும், உறவுக்காரர் விசேஷங்களில் மாமன்மார் எடுத்துக் கொடுப்பதையும் அப்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, கடையில் கொடுத்த பணத்தை மட்டுமே துணிச்செலவாக எண்ணுவது. ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்த சுடிதார் துணி, லைனிங்கும் தையல் கூலியும் சேர்ந்தபின் ஐந்நூறு ரூபாயாக இருப்பதில்லை. கல்லூரி விழாவுக்கு எடுத்த சேலைக்கு ஃபால்ஸ், ஓரத் தையல், ரவிக்கை என்று பின்னாலேயே செலவு வரும். ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஒதுக்க முடிகிற வீடு என்று வைத்துக்கொண்டால், அன்றாட உடைக்கு 5,000, ஷூவுக்கும் செருப்புக்கும் 2,000, உள்ளாடை, சாக்ஸ், துண்டுக்கு 1,500, தையல், சலவை, இஸ்திரிக்கு 2,000, விழா நாட்களுக்கு 1,500 என்று பிரிக்கலாம். தொகை எவ்வளவு குறைந்தாலும் இந்த ஐந்து தலைப்புகளில் எதையும் விட்டுவிடக் கூடாது. குறிப்பாக, உள்ளாடைக்கும் சாக்ஸுக்கும் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. அவை கிழிந்தபின் விடுதிக்கு அருகிலுள்ள கடையில் கேட்ட விலைக்கு வாங்குகிறார்கள்.

திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நமக்குத் துணிச்செலவே இல்லை என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு உண்மையிலேயே மலிவாகக் கிடைக்கும். அதில் தரமானதும் உண்டு, குறையுள்ள செகண்ட்ஸும் உண்டு. விலை குறைவு என்பதற்காகப் பத்து டி-ஷர்ட்டை அள்ளிவந்து, நான்கு சலவைக்குப்பின் மூன்றைத்தான் உடுத்த முடிகிறது என்றால், அந்த மூன்றின் உண்மையான விலை மும்மடங்குக்கு மேல் என்பதை யோசிக்க வேண்டும். எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் இரு தோள்களிலும் பிடித்துத் தொங்கவிட்டு, பக்கவாட்டுத் தையல் அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிங்கிள் ஜெர்சி வகைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கு தண்ணீர் பட்டவுடன் தளர்வதால், சரியாகப் பதப்படுத்தாத துணி துவைத்தபின் ஒரு பக்கமாகத் திருகி, அந்தத் தையல் வயிற்றுப் பக்கம் வந்துவிடும். வாங்கும்போதே சாய்ந்திருப்பது பின்னால் நேராகாது. கழுத்தைச் சுற்றியுள்ள ரிப் பட்டியை விரலால் இழுத்து விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்க்க வேண்டும். அன்றாடம் உடுத்த 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி தாங்கும். அதைவிட மிகவும் மெலிந்தது சீக்கிரம் உருக்குலையும். வெளிநாட்டு அளவுகள் நம் கடை அளவுகளோடு பொருந்தாததால், லேபிளில் உள்ள எழுத்தை நம்பாமல், வீட்டில் சரியாகப் பொருந்தும் ஒரு சட்டையின் மார்பளவையும் நீளத்தையும் குறித்துக்கொண்டு போவது அவசியம். இத்தகைய சரக்கைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

படிக்கப் போகும் ஊரின் தட்பவெப்பத்தை மறந்து துணி எடுப்பதும் பணத்தை வீணாக்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில், பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து விடுதிகளில் மேகமூட்டமும் சாரலுமாக இருக்கும். தடித்த ஜீன்ஸ் காய நெடுநேரம் ஆவதால், கனமான இரண்டைவிட இலகுவான மூன்று பேண்ட் உதவும். ஈரோடு, கரூர் வெயிலுக்குப் பாலியஸ்டர் சட்டை ஒத்துவராது. விடுதியில் உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளைச் சட்டைகளைக் குறைத்துக்கொள்வதே சரி. அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காததால் வெள்ளை சீக்கிரம் பழுப்பேறும்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. படிப்புக்கு உதவவே தரப்படும் அந்தப் பணத்தை நம்பிக் கைப்பேசிச் செயலியில் தவணைக்குத் துணி வாங்குவது பெருந்தவறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மாதத் தவணை தவறினாலும் அபராதம் சேரும். அதைக் கட்டப் புத்தகப் பணத்தில் கைவைக்க நேரும். அந்த 1,000 ரூபாயிலிருந்து துணிக்கென்று ஒதுக்கித்தான் ஆக வேண்டுமென்றால், மாதம் 200 ரூபாயைத் தனியாக வைத்தாலே ஆண்டில் 2,400 ரூபாய் கையில் நிற்கும்.

துறைக்கென்று அச்சடிக்கும் டி-ஷர்ட், பொங்கல் விழாவுக்குத் தோழியர் அனைவரும் ஒரே நிறத்தில் எடுக்கும் சேலை ஆகியவற்றில் எது கட்டாயம், எது விருப்பம் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வசதியில்லாத பிள்ளைகள் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக் கடன் வாங்குவது இந்த இடத்தில்தான். எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கும் துணியிலேயே வகுப்புப் பிரதிநிதிகள் நிறத்தைத் தேர்ந்தால் பலருடைய பாரம் குறையும்.

வேலைவாய்ப்பு நேர்காணலுக்கான உடையை முதலாண்டிலேயே எடுத்து வைப்பதிலும் பயனில்லை, மூன்றாண்டில் உடம்பு மாறிவிடும். இறுதியாண்டுத் தொடக்கத்தில் வெளிர் நிறச் சட்டை ஒன்றும் அடர்நிறப் பேண்ட் ஒன்றும் அளவெடுத்துத் தைத்துக்கொண்டால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுவதால், அந்த வரம்பைச் சற்றே தாண்டும் ஆடையில் வரியாகவே கணிசமான தொகை போய்விடும். கோட்டு அணிந்தே ஆக வேண்டிய நேர்காணலாக இருந்தால், அண்ணனிடமோ சீனியரிடமோ ஒருநாளைக்கு வாங்கி அணிந்து, சலவை செய்து திருப்பிக் கொடுத்துவிடலாம்.